நான்கு ஒன்பது

சூளூர்ப்பேட்டை லாட்ஜில், இருநூற்று மூன்றாம் அறையில்,
ஒரே ராத்திரியில் ஏரி வற்றிப்போனது.
மடிக்கணினியில்தான்.
ஆனாலும் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டேன்.

முப்பது மீட்டருக்கு ஒரு கட்டம்.
கட்டத்துக்கு ஓர் ஆழம், ஓர் உப்பு, கொஞ்சம் சேறு.
காளங்கியில் வெள்ளம் வந்தால் எவ்வளவு,
முகத்துவாரம் மண்மூடினால் எவ்வளவு,
பூநாரையின் கால் எவ்வளவு.
மார்கழி வரை ஒழுங்காகத்தான் ஓடியது.
தை பிறந்ததும் தண்ணீர் மொத்தமும் வடக்கே சாய்ந்து
மாநில எல்லைக்கோட்டில் ஒரு பள்ளத்துக்குள் விழுந்தது.

பள்ளத்தின் ஆழம்
ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது மீட்டர்.

அளக்காத இடத்தில் நிரப்பிவைக்கிற எண் அது:
நான்கு ஒன்பது, முன்னால் சின்னதாய் ஒரு கழித்தல் கோடு.
'இங்கே எங்களுக்கு ஒன்றும் தெரியாது' என்று பொருள்.
எந்திரத்துக்கு அந்த அடக்கம் புரியவில்லை.
தெரியாது என்றதைப்
பாதாளம் என்று எடுத்துக்கொண்டது.

கோட்டுக்குத் தெற்கே சென்னைக்காரர்கள் அளந்தார்கள்.
வடக்கே நெல்லூர்க்காரர்கள், வேறொரு வருடம், வேறொரு மட்டத்திலிருந்து.
நடுவில் மூன்று கிலோமீட்டர்,
எந்த அலுவலகமும் கழி ஊன்றாத தண்ணீர்.

காலையில் பெஞ்சலய்யாவின் படகு.
மூங்கிலில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு சிவப்புக் கோடு,
நகப்பூச்சால் நானே போட்டது.
ஊன்று, படி, எழுது.
அவர் கோடுகளை எண்ணித் தெலுங்கில் "ஏடு" என்பார்.
நான் ஏட்டில் ஏழு என்று எழுதுவேன்.
பதினோரு மணிக்கு மேல் இருவரும்
எந்த மொழியில் எண்ணுகிறோம் என்பதை விட்டுவிட்டோம்.

பாதாளம் என்று படம் காட்டிய இடத்தில்
முழங்காலுக்குக் கீழே தண்ணீர்.
அதில்
தலையைக் கவிழ்த்து, அலகைப் புரட்டி,
சேற்றைச் சலித்துச் சலித்துத் துப்பியபடி
பூநாரைகள். நானூற்றுப் பத்தோடு எண்ணுவதை நிறுத்தினேன்.
எங்கள் அறியாமையின் நட்டநடுவில்
மேய்ந்துகொண்டிருந்தன.
அழகு என்று சொல்ல நேரமில்லை,
அடுத்த கட்டத்தில் கழி ஊன்ற வேண்டும்.

செவ்வாய்க்கிழமை, மீன் ஏலக் கொட்டகையில் கூட்டம்.
சாலைக்கடியில் தூர்ந்துபோன மதகுகளில் எவற்றைத் திறப்பது?
இரண்டுக்குத்தான் பணம்.
போர்வையில் படம் போட்டுக் காட்டினேன்,
நீலம், வெளிர்நீலம், வெள்ளை.
"இது ஏரி இல்லை, ஏரி மாதிரி" என்றேன்.
தமிழில் அந்தச் சொல்
நான் சொல்ல வந்ததையும் சொன்னது,
ஒப்புக்கொள்ள வராததையும் சொன்னது.

பின்வரிசையிலிருந்து அங்கம்மா. என் வயதுதான் இருக்கும்.
இறால் கூடையின் கயிறு இன்னும் கழுத்தில்.
"பறவைக்கு முழங்கால் தண்ணி, படகுக்கு இடுப்பு.
நான் உக்காந்து கையால துழாவுறவ.
உக்காந்தா மாரளவு வேணும் எனக்கு.
அந்தக் கட்டத்துல நான் எங்கம்மா இருக்கேன்?"

யாரோ சிரித்தார்கள். பெஞ்சலய்யா சிரிக்கவில்லை.

பறவைக்குப் புள்ளி ஆறு. படகுக்குப் புள்ளி நான்கு.
கும்மிடிப்பூண்டி தாண்டும்போது
ரயிலில் உட்கார்ந்து போட்ட எடைகள்.
கூட்டினால் ஒன்று வரவேண்டும்,
அவ்வளவுதான் அப்போது யோசித்தது.

இருநூற்று மூன்றாம் அறை, மறுபடி.
மூங்கில் சொன்ன ஆழங்களை
ஒவ்வொன்றாய்த் தட்டச்சு செய்து முடித்தேன்.
பள்ளம் தூர்ந்தது. தண்ணீர் தங்கியது.
மாசி வரை, பங்குனி வரை தங்கியது.

மூன்றாவதாக ஒரு பத்தி திறந்து
அங்கம்மா என்று தலைப்பிட்டேன்.
யாரிடமிருந்து எடுத்து அவளுக்கு எவ்வளவு?
அதைத் தனியாக ஓர் அறையில் உட்கார்ந்து போடக்கூடாது.
வெள்ளிக்கிழமை மறுபடி கொட்டகைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அதுவரை அந்தக் கட்டத்தில் நான்கு ஒன்பது,
முன்னால் சின்னதாய் ஒரு கோடு.
எந்திரம் ஏற்க மறுத்துச்
சிவப்பாய் நிற்கிறது.

நிற்கட்டும்.